அஸ்திரமும் அபயமும்: காகாசுர வ்ருத்தாந்தத்தில் நீதியும் கிருபையும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அவதாரிகை

பெரியாழ்வார் திருமொழியின் மூன்றாம் பத்தில் பத்தாம் திருமொழி, திருவடி அசோகவனத்தில் பிராட்டியைக் கண்டு அடையாளங்களை விண்ணப்பம் செய்யும் பதிகம். தன்னை இராவணனுடைய மாயையோ என்று பிராட்டி சங்கிக்கக் கூடுமாகையால், பெருமாளும் பிராட்டியும் கூடியிருந்த காலத்து நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, தான் மெய்யான தூதனே என்று திருவடி தெளிவிக்கிறார். வில்லை முறித்து மணம் புரிந்ததும், கைகேயியின் வரத்தால் காடேகியதும், குகனோடு தோழமை கொண்டதும், பரதாழ்வான் சித்திரகூடத்துக்கு வந்து பணிந்ததும் இவ்வடையாளங்களில் அடங்கும். ஆறாம் பாசுரத்தில் சொல்லப்படுவது காகாசுர வ்ருத்தாந்தம். நாம் இந்த இதழில் அநுபவிக்க எடுத்துக்கொண்டது அந்த ஒரு பாசுரத்தையே.

பாசுரத்தின் திரண்ட பொருள்

பெருமாளும் பிராட்டியும் சித்திரகூடத்தில் எழுந்தருளியிருந்த காலத்தில் ஒரு சிறிய காகம் வந்து பிராட்டியினுடைய திருமேனியில் அபசாரப்பட்டது. பெருமாள் அதன்மேல் அஸ்திரத்தைப் பிரயோகித்தார். அக்காகம் உலகமெல்லாம் ஓடித் திரிந்து, ஓரிடத்திலும் புகல் காணாமல், முடிவில் பெருமாளையே விளித்து அபயம் வேண்டியது. விடுத்த அந்த அஸ்திரமே அதன் கண்ணொன்றைப் போக்கிற்று. இதுவும் ஓர் அடையாளம் என்று திருவடி விண்ணப்பம் செய்கிறார்.

ஆழ்வார் நான்கு அடிகளில் அடக்கிய இவ்வரலாற்றை ஸ்ரீவால்மீகி பகவான் ஸுந்தரகாண்டத்தின் முப்பத்தெட்டாம் ஸர்க்கத்தில் விரித்து அருளிச்செய்கிறார். ஆங்கே இதைச் சொல்பவள் பிராட்டி. பெருமாளிடம் கொண்டுசேர்க்க வேண்டிய அடையாளமாகத் திருவடியிடம் சொல்லுகிறாள். ஆழ்வாரோ திருவடியின் வாக்காகவே இதை அமைத்தருளினார். சொல்லுபவர் மாறினும் நிகழ்ச்சி ஒன்றே.

விசேஷார்த்தம்

இப்பாசுரத்தை ஓதும்போது ஒரு கேள்வி எழுகிறது. காகம் சரணம் என்று வந்துவிட்டது. சரணம் புகுந்தவனைக் காப்பது பெருமாளுடைய விரதம். அப்படியிருக்க அதன் கண்ணை ஏன் வாங்க வேண்டும்? காப்பதென்றால் முழுவதும் காக்கலாகாதோ? இதற்கு எதிரான கேள்வியும் உண்டு. அது செய்தது பிராட்டியிடம் செய்த அபசாரம். அதைக் காட்டிலும் பெரிய குற்றமில்லை. அப்படியிருக்க உயிரை ஏன் விட வேண்டும்? தண்டிப்பதென்றால் முழுவதும் தண்டிக்கலாகாதோ?

முதற்கேள்வியைக் கேட்பவர் கிருபையின் பக்கம் நிற்கிறார். இரண்டாவதைக் கேட்பவர் நீதியின் பக்கம் நிற்கிறார். உலகில் சட்டம் என்று ஒன்று உண்டான நாள் முதலாக இவ்விருவரும் வழக்காடிக்கொண்டே இருக்கின்றனர். விதி அசையாமல் நிற்க வேண்டும் என்பார் ஒருவர். ஆளையும் நிலையையும் பார்த்து விதி இளக வேண்டும் என்பார் மற்றவர். இருவரையும் ஒரே நேரத்தில் ஏற்றுக்கொண்ட தீர்ப்பு சித்திரகூடத்தில் நடந்தது என்பதே நாம் இங்கே காண வேண்டுவது.

பெருமாள் படுக்கையிலிருந்த தர்ப்பைப் புல் ஒன்றை எடுத்துப் பிரஹ்மாஸ்திர மந்திரத்தால் அபிமந்திரித்து விடுத்தார் என்கிறார் வால்மீகி. எடுத்தது புல்லாயினும் ஏறியிருந்தது பிரஹ்மாஸ்திரம். காகமாக வந்தவன் இந்திரனுடைய மகன். அவன் மூன்று உலகும் சுற்றினான். பெற்ற தகப்பன் கைவிட்டான், தேவர்கள் கைவிட்டனர், ரிஷிகளும் கைவிட்டனர். வேறு கதியின்றிப் பெருமாள் திருமுன்பே வந்து தரையில் விழுந்தான். அப்போது பெருமாள், பிரஹ்மாஸ்திரம் வீண்போகலாகாது என்றும், இதற்கு என்ன வழி என்று நீயே சொல் என்றும் அவனைக் கேட்டருளினார். வலக்கண்ணை எடுத்துக்கொள்ளட்டும் என்று அவன் சொல்ல, அவ்வாறே ஆயிற்று. உயிர் தப்பியது.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியவை மூன்று.

முதலாவது: குற்றம் குற்றமாகவே நின்றது. வால்மீகி பகவான், இவன் வதைக்கத் தகுந்தவன் என்பதைச் சொல்லி, அத்தகையவனையும் பெருமாள் கிருபையாலே காத்தார் என்கிறார். குற்றமே நிகழவில்லை என்றோ, அது அற்பம் என்றோ, அறியாமையால் நேர்ந்தது என்றோ அவர் மழுப்பவில்லை. கிருபை, தீமைக்கு வேறு பெயர் இடுவதன்று. தீமையைத் தீமையென்று பெயரிட்டுச் சொன்ன பிறகே கிருபைக்கு இடம் பிறக்கிறது. குற்றமில்லாதவனுக்குக் கிருபை எதற்கு? அவனுக்கு வேண்டுவது நீதி மட்டுமே.

இரண்டாவது: ஆணை வீண்போகவில்லை. விடுத்த அஸ்திரத்தைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் ஸாமர்த்தியம் ஸர்வசக்தனுக்கு இல்லையோ என்னில், இல்லாமையன்று. நிரங்குசமான ஸ்வாதந்திரியம் உடையவன் தான் இட்ட ஆணைக்குத் தானே கட்டுப்பட்டு நிற்பது அவனுடைய சீலம். ச்ருதி ஸ்ம்ருதிகள் தன்னுடைய ஆணைகள் என்று அருளிச்செய்தவன் அவன். ஆணையிட்டவனே அதைத் தோன்றியபடியெல்லாம் தள்ளுவானாகில், பிறகு அவ்வாணையை நம்பி வாழ்பவர் எவர்? இன்னொன்றும் உண்டு. அவனுடைய தண்டனைச் சொல் பொய்க்கலாம் என்றிருந்தால், அவனுடைய அபயச் சொல்லும் பொய்க்கலாம் என்றாகிவிடும். ஆகையால் அஸ்திரம் மெய்யாயிருப்பதே அபயம் மெய் என்பதற்குப் பிணை. காகத்தின் கண்ணை வாங்கிய உறுதியும் காகத்தின் உயிரைக் காத்த உறுதியும் ஒரே ஸத்யத்தின் இரண்டு முகங்கள்.

மூன்றாவது: பாதிக்கப்பட்டவள் அங்கே இருந்தாள். இதுவே புருஷகார ரஹஸ்யம். முமுக்ஷுப்படியில் பிள்ளை லோகாசார்யர், பிராட்டி அருகே இருந்ததாலே காகம் பிழைத்தது என்றும், அவள் அருகே இல்லாமையாலே இராவணன் மாண்டான் என்றும் இரண்டையும் எதிரெதிரே வைத்துக் காட்டியருளினார். விழுந்த காகத்தின் தலை பெருமாள் திருவடிகளை நோக்கி இல்லாதிருக்க, பிராட்டி தன் திருக்கையாலே அதைத் திருப்பித் திருவடிகளில் சேர்த்தாள் என்றும் பெரியோர் அருளிச்செய்வர். எவளுடைய திருமேனியில் புண்பட்டதோ அவளே பரிந்துரைத்தாள். பிறருக்கு நேர்ந்த தீங்கை நாம் மன்னிப்பது எளிது. அதில் நமக்குச் செலவில்லை. அக்கிருபை பாதிக்கப்பட்டவர் பக்கத்திலிருந்து புறப்படும்போதே அதற்கு முழு அதிகாரம் உண்டாகிறது.

இம்மூன்றும் ஓரிடத்தில் கூடியபோது தீர்ப்பு அஸ்திரத்தையும் விடவில்லை, அபயத்தையும் விடவில்லை. இரண்டும் சந்தித்த இடம் அந்த ஒரு கண்.

பிராட்டியின் கேள்வி

இவ்வளவோடு நின்றால் நாம் பாதிப் பொருளையே கண்டவர்களாவோம். வால்மீகியில் பிராட்டி இவ்வரலாற்றைத் திருவடியிடம் சொல்லி முடித்தவுடன் என்ன கேட்கிறாள் என்று பார்க்க வேண்டும். எனக்காக வெறும் ஒரு காகத்தின்மேல் பிரஹ்மாஸ்திரம் விட்டீரே; என்னை உம்மிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனவனை ஏன் இன்னும் பொறுத்திருக்கிறீர் என்று பெருமாளை நோக்கிக் கேட்கும் கேள்வியாக அதை அனுப்புகிறாள். அதோடு, இரக்கமே மேலான தர்மம் என்று உம்மிடமே நான் கேட்டிருக்கிறேன் என்றும் சொல்லுகிறாள்.

இது மிகவும் கனத்த இடம். தாயாய் நின்று காகத்துக்குப் பரிந்தவள், சிறையிருந்தவளாய் நின்று நீதி கேட்கிறாள். நீதி கேட்கும்போது அவள் எடுத்துக்காட்டும் தர்மம் எது? தண்டனையன்று, இரக்கம். தீயவனை அடக்குவது அவனால் துன்புறுகிறவளுக்குச் செய்யும் இரக்கமே என்பது அவளுடைய திருவுள்ளம். நீதியை இரக்கத்துக்கு எதிரியாக நினைப்பவர் அசோகவனத்து மரத்தடியில் இருந்தவளை மறந்துவிடுகின்றனர். சட்டம் உறுதியாக நிற்க வேண்டுவது பெரும்பாலும் எளியவர்க்காகவே. வலியவனுக்குச் சட்டம் இல்லாவிடினும் காரியம் நடக்கும். தாமதிக்கும் நீதியைப் பார்த்து, எனக்கு ஏன் இது கிடைக்கவில்லை என்று கேட்பவர் எப்போதும் அகப்பட்டு நிற்பவரே.

பெருமாள் அக்கேள்விக்குக் கடலை அடைத்து விடையிறுத்தார். ஆயினும் விடையிறுத்த முறையிலும் வரம்பு கடக்கவில்லை. அங்கதப் பெருமாளைத் தூதனுப்பினார். முதல் நாட்போரில் வில்லிழந்து தளர்ந்து நின்ற இராவணனைக் கொல்லாமல், இளைப்பாறி மீண்டும் வரும்படி அனுப்பினார். தன் திருமனத்தில் எரிந்த கோபத்தைக் காட்டிலும் போர்முறை பெரிதாயிருந்தது.

கிருபைக்கும் ஒரு விதி

விபீஷணாழ்வான் சரணம் புகுந்து வானில் நின்றபோது நடந்த ஆலோசனையும் இங்கே நினைக்கத்தக்கது. பகைவனுடைய தம்பி, வந்த காலமோ போருக்கு முந்தைய காலம். ஸுக்ரீவ மஹாராஜர் இவனைச் சேர்க்கலாகாது, கொல்ல வேண்டும் என்றார். மற்ற முதலிகள் பலவாறு ஐயுற்றனர். சோதித்துப் பார்க்கலாம் என்றனர். திருவடி மட்டும் ஏற்கலாம் என்று காரணம் காட்டினார். பெருமாள் அனைவரையும் பேசவிட்டுக் கேட்டருளினார். பிறகு தன் விரதத்தை வெளியிட்டார்: ஒருமுறை உன்னையே சேர்ந்தேன் என்று வந்தவர்க்கு எல்லாப் பிராணிகளிடமிருந்தும் அபயம் தருவது என் விரதம். அத்தோடு நில்லாமல், வந்திருப்பவன் விபீஷணனாயினும் இராவணனேயாயினும் அழைத்து வாரும் என்றார்.

இந்தக் கடைசி வார்த்தையே நம்முடைய விஷயத்துக்கு உயிர்நிலை. ஒருவனுக்கு மட்டும் இளகுவது பட்சபாதம். அதே நிலையில் வரும் எவனுக்கும் இளகுவது கிருபை. விபீஷணனுக்குத் திறந்த கதவு இராவணனுக்கும் திறந்தே இருந்தது, அவன் வரவில்லை. காகத்துக்குத் திறந்ததும் அக்கதவே. ஆகவே பெருமாளுடைய நீதிக்கு விதி இருப்பது போலவே அவனுடைய கிருபைக்கும் ஒரு விதி இருக்கிறது. பலரைக் கேட்டு, காரணத்தை வெளிப்படச் சொல்லி, இனி வருபவர்க்கும் இதுவே முறை என்று நிலைநிறுத்திச் செய்த இளக்கம் அது.

இதற்கும் மேலான படி ஒன்றைப் பராசர பட்டர் ஸ்ரீகுணரத்நகோசத்தில் அநுபவிக்கிறார். காகத்தையும் விபீஷணனையும் பெருமாள் காத்தது அவர்கள் சரணம் என்று சொன்ன பிறகு. பிராட்டியோ, தன்னை நலிந்துகொண்டிருந்த ராக்ஷஸிகளை, அவர்கள் வாய்திறந்து ஒன்றும் வேண்டாதிருக்கவே, கொல்லப்புகுந்த திருவடியிடமிருந்து காத்தாள். அதனால் பெருமாளுடைய கோஷ்டி சிறுத்துப்போயிற்று என்கிறார் பட்டர். அப்போது பிராட்டி திருவடியிடம் சொன்னதை வால்மீகியில் பார்த்தால், அவளும் காரணமின்றி மன்னிக்கவில்லை. இவர்கள் அரசன் ஆணைக்கு உட்பட்ட பணிப்பெண்கள், ஏவினபடி செய்தவர்கள், ஏவினவன் மாண்டபின் இவர்கள் நலியவில்லை என்கிறாள். பிழை செய்யாதவர் உலகில் எவர் என்றும் கேட்கிறாள். ஏவினவனுக்கும் ஏவப்பட்டவர்க்கும் பொறுப்பில் வேற்றுமை உண்டு என்பது இன்றைய நியாய ஸ்தலங்களும் எடைபோட்டுப் பார்க்கும் விஷயம். அதைப் பாதிக்கப்பட்டவளே முன்னின்று வாதிட்டாள் என்பதே இங்கே அதிசயம்.

பூருவாசாரியர்கள் காட்டிய வழி

நம் ஸம்பிரதாயத்தில் விதி இளகிய இடங்களைப் பார்த்தால், அங்கெல்லாம் இதே அடையாளம் காணக்கிடக்கிறது.

ஆளவந்தாருடைய சிஷ்யரான மாறனேரி நம்பி பரமபதித்தபோது, பெரிய நம்பி அவருக்குத் தாமே சரமகைங்கர்யம் செய்தருளினார். குலத்தை நோக்கிய உலகோர் குறைகூறினர். எம்பெருமானார் இதைப் பற்றி விண்ணப்பம் செய்ய, பெரிய நம்பி தம் விருப்பத்தைக் காரணமாகச் சொல்லவில்லை. முன்னோர் நடையைக் காட்டினார். சக்கரவர்த்தித் திருமகன் பறவையான ஜடாயு மஹாராஜருக்கு ஸம்ஸ்காரம் செய்தருளவில்லையோ, அவரைக் காட்டிலும் நான் பெரியவனோ, ஜடாயுவைக் காட்டிலும் இவர் தாழ்ந்தவரோ என்றார். திருவாய்மொழியில் அடியார் பெருமை பேசும் மூன்றாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழியும் எட்டாம் பத்தின் பத்தாம் திருவாய்மொழியும் வெறும் ஓசையாகவே போக வேண்டுமோ என்பதும் அவருடைய திருவுள்ளம். விதியை மீறினார் என்று உலகம் சொன்ன இடத்தில், அவ்விதிக்கும் மேலான விதியை அவர் காட்டினார். பொதுவிதியை உத்ஸர்க்கம் என்றும், அதைச் சில இடங்களில் விலக்கும் சிறப்புவிதியை அபவாதம் என்றும் சாஸ்திரம் தெரிந்தவர் சொல்லுவர். அபவாதம் சாஸ்திரத்துக்கு வெளியே இருந்து வருவதன்று; உள்ளிருந்தே வருவது.

திருக்கோட்டியூர் வ்ருத்தாந்தம் நாம் அனைவரும் அறிந்ததே. பதினெட்டு முறை நடந்து பெற்ற ரஹஸ்யார்த்தத்தை எம்பெருமானார் ஆசையுள்ள அனைவருக்கும் வெளியிட்டருளினார். ஆசார்யன் ஆணையை மீறினவருக்கு நரகம் என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தண்டனை இல்லை என்று அவர் வாதிடவில்லை. எனக்கு அது நேரட்டும், இவர்கள் உஜ்ஜீவிக்கட்டும் என்றார். இளக்கத்தின் பலன் பிறருக்கு. அதன் விலை தமக்கு. திருக்கோட்டியூர் நம்பி அவரை ஆரத் தழுவி, எம்பெருமானார் என்று திருநாமம் சாற்றியது இதனாலன்றோ. மணவாளமாமுனிகள் உபதேசரத்தினமாலையில் இதைப் பற்றி அருளிச்செய்யும்போது, முன்னோர் தகுந்த சிலருக்கே உபதேசித்து வந்த வரம்பை எம்பெருமானார் நீக்கினார் என்கிறார். வரம்பு நீங்கியது மெய். ஆயினும் ஆசை என்ற ஒரு தகுதி நீங்கவில்லை. எது அகலலாம், எது அகலலாகாது என்று பிரித்தறிந்ததே அவ்வாசார்யருடைய பெருமை. குலமும் நிலையும் கதவின் அளவாக இருந்தன, அவற்றை அகற்றினார். ஆசை கதவின் வாசற்படி. அதை அப்படியே வைத்தார்.

லோக நீதியில் இதன் நிழல்

இது பகவத் விஷயத்துக்கு மட்டும் உரியதோ என்னில், அன்று. பாரத தேசத்து நீதிமன்றங்களிலும் இக்கேள்வி வந்ததுண்டு. ஆயுள் தண்டனை அநுபவிக்கும் ஒருவன் கொலை செய்தால் அவனுக்கு மரண தண்டனை மட்டுமே விதிக்க வேண்டும் என்று முந்தைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 303-ஆம் பிரிவு கட்டளையிட்டிருந்தது. எந்தச் சூழலில் நேர்ந்தது என்று நீதிபதி பார்ப்பதற்கே அதில் இடமில்லை. 1983-ஆம் ஆண்டு மிட்டு என்பவருடைய வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கிற்று. அதற்கு முன் 1980-இல் பச்சன் சிங் வழக்கில், மரண தண்டனையை முற்றும் தள்ளாமலேயே, குற்றத்தை மட்டுமன்றிக் குற்றவாளியையும் அவன் நிலையையும் பார்க்க வேண்டும் என்றும், மிக அரிதினும் அரிதான வழக்குகளிலேயே அதை விதிக்கலாம் என்றும் அந்நீதிமன்றம் வரையறுத்திருந்தது. பார்க்கவே கூடாது என்ற விதி நீதியன்று என்பதும், பார்ப்பவன் தன் மனம்போனபடி பார்க்கலாகாது, காரணம் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பதும் இவற்றால் தேறும்.

சட்டங்களுக்கெல்லாம் மேலான அரசியலமைப்பைப் பற்றியும் 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் கூடி ஆராய்ந்தனர். பாராளுமன்றம் அதைத் திருத்தலாம்; ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்கலாகாது என்பது பெரும்பான்மையோர் தீர்ப்பு. மாறுவதும் மாறாததும் ஒன்றிலேயே இருக்கலாம். எது எது என்று பகுத்தறிவதே கடினம் என்பதை இதுவும் காட்டுகிறது. மனிதர் தடுமாறித் தேடுகிற இந்த அளவை எம்பெருமானிடத்தில் இயல்பாகவே அமைந்திருக்கிறது.

நமக்கு இதனால் ஆகவேண்டுவது

பல தேசங்களில் பரந்து வாழும் நம் ஸ்ரீவைஷ்ணவ கோஷ்டியில் இந்தக் கேள்வி நாள்தோறும் எழுகிறது. குளிர் நாட்டில் விடியாத விடியற்காலையில் பணிக்குச் செல்பவர் அநுஷ்டானத்தை எப்படிச் செய்வது? இரவு முழுவதும் மருத்துவமனையில் பணி செய்பவர் ஏகாதசி உபவாஸத்தை எப்படி நடத்துவது? விதி என்றால் விதிதான் என்பார் சிலர். காலம் மாறிவிட்டது, எல்லாம் போகட்டும் என்பார் சிலர். இவ்விருவருமே சாஸ்திரத்தை முழுவதும் பார்க்கவில்லை. ஏகாதசி உபவாஸத்தை விதிக்கும் தர்மசாஸ்திரமே எட்டு வயதுக்கு மேற்பட்டவர், எண்பது நிரம்பாதவர் என்று எல்லையையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. நோயாளிக்கும் அசக்தருக்கும் இலகுவான முறைகளைக் காட்டுகிறது. ஆகையால் ஐயம் வந்தால் நம் மனத்தையே நீதிபதியாக்கிக்கொள்ளாமல், விதியையும் விலக்கையும் சேர்த்தறிந்த ஆசார்யனிடம் கேட்டுத் தெளிவதே முறை. விபீஷணன் விஷயத்தில் பெருமாளே பலரையும் கேட்டாரே. நாம் ஒருவரைக் கேட்பதில் என்ன குறை?

நாம் தவறும் இடம் பெரும்பாலும் வேறொன்று. நமக்கு விதியை இளக்கிக்கொண்டு, பிறருக்கு இறுக்குகிறோம். தம் ஸந்த்யாவந்தனம் அலுவலகத்தின் பெயரால் நின்றுபோயிருக்க, அலுவலக உடையோடு ஸேவாகால கோஷ்டிக்கு ஓடிவந்த ஒருவரை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்பாரைப் பார்க்கிறோம். எம்பெருமானார் காட்டிய வழிக்கு இது நேர் எதிர். அவர் விலையைத் தாம் ஏற்றுப் பலனைப் பிறருக்கு ஆக்கினார். பலனைத் தமக்கு வைத்துக்கொண்டு விலையைப் பிறர் தலையில் ஏற்றுவது இளக்கமும் அன்று, உறுதியும் அன்று.

இதற்கு மறுபுறமும் உண்டு. கோயில் பொதுப்பணத்தில் ஒருவர் கணக்குத் தவறினார் என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகத்தில் இருப்பவர், நம்மவர்தானே, போகட்டும் என்று மூடிவிடுவது கிருபை ஆகாது. அப்பணம் அவருடையதன்று, எம்பெருமானுடையது, அடியார்கள் உவந்து ஸமர்ப்பித்தது. தமக்கு உரிமையில்லாத ஒன்றை அவர் எப்படி மன்னிப்பார்? கணக்கு வெளிவர வேண்டும். குறைந்தது திரும்ப வர வேண்டும். அதன்பின் தவறினவரை இகழாமல் கோஷ்டியில் சேர்த்துக்கொள்ளலாம், சேர்த்துக்கொள்ளவும் வேண்டும். ஒருவரால் ஒருவர் புண்பட்டிருந்தால், புண்பட்டவரை வாய்மூடச் செய்து புண்படுத்தினவரை மன்னிப்பதும் அப்படியே. பிராட்டியைக் கேளாமல் காகத்துக்கு அபயம் கொடுத்ததாக எந்தப் பெரியவரும் அருளிச்செய்யவில்லை.

ஆகவே விதியை இளக்கப் புகும்போது நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டுவன சில. குற்றத்தைக் குற்றமென்று சொன்னோமோ? புண்பட்டவர் குரலைக் கேட்டோமோ? இதே நிலையில் நாளை நமக்கு வேண்டாதவர் வந்தாலும் இதையே செய்வோமோ? இந்த இளக்கத்தின் விலையைச் செலுத்துபவர் யார்? இவற்றுக்கு நேரான விடை இருக்குமாகில் நம் இளக்கம் அபயத்தின் சாயையுடையது. இல்லையாகில் அது அஸ்திரத்தை எறிந்தவன் கை தளர்ந்தது மட்டுமே.

நிகமனம்

திருவடி இந்நிகழ்ச்சியை ஓர் அடையாளமாகச் சொன்னார். இருவர் மட்டும் அறிந்த செய்தியாகையால் அடையாளம் என்பது வெளிப்பொருள். பெருமாளை இன்னாரென்று அறிவதற்கு இதைக் காட்டிலும் வேறு அடையாளம் வேண்டா என்பதையும் நாம் இதிலே சேர்த்து அநுபவிக்கலாம். தண்டிக்க மட்டும் அறிந்த தெய்வம் உண்டு என்பார். வேண்டியதெல்லாம் கொடுத்துக் குற்றம் பாராத தெய்வம் உண்டு என்பார். எய்த அஸ்திரம் பொய்க்காமலும், ஏற்ற அபயம் பொய்க்காமலும் ஒருங்கே நடத்தினவன் எவனோ, அவனே சக்கரவர்த்தித் திருமகன் என்று அறிவது.

நாமும் ஒருவகையில் அக்காகமே. பல பிறவிகளாக உலகமெல்லாம் திரிந்து, கைவிடாதவர் எவருமின்றி வந்து விழுந்தவர்கள். விழும்போதும் தலை எந்தப் பக்கம் இருந்தது என்று அறியோம். அதைத் திருப்பி வைக்கும் திருக்கை ஒன்று உண்டு என்பதே நமக்கு உள்ள தேற்றம். செய்த வினைக்கு ஈடாக ஏதேனும் ஒன்று போகுமாகில், அதை அவனுடைய ஸத்யம் என்று ஏற்போம். உயிர் நின்றதை அவளுடைய கிருபை என்று அறிவோம். அவ்வாறு பிழைத்த நாம் பிறர் பிழையை எடைபோடும் நாள் வரும்போது, நமக்கு இடப்பட்ட அந்த அளவையை மறவாதிருப்போமாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.